பாரதக் கூத்தைக் கலையரங்கத்துக்கு மாற்றலாமா?

ஏரிக்கரையான் (வெள்ளி இரவு 8.15)

எங்கள் ஊர் செய்யாறு பக்கம். இந்தச் சித்திரையில் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் வைக்கிறோம். மூன்று வருடத்துக்கு ஒருமுறை வைப்பது வழக்கம். பகலில் பிரசங்கியார் வந்து பாரதம் படிப்பார். கடைசிப் பத்து நாள் ராத்திரியில் கூத்து. பதினெட்டாம் போர் முடிந்த காலையில் துரியோதனன் போர்க்களத்தில் விழுகிற படுகளம், சாயங்காலம் தீமிதி.

இந்த முறை விழாக் குழுவில் ஒரு யோசனை வந்திருக்கிறது. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் புதிதாகக் கலையரங்கம் கட்டி இரண்டு வருடம் ஆகிறது. மேடை, விளக்கு, மின்விசிறி, பெண்களுக்குத் தனிக் கழிப்பறை எல்லாம் உண்டு. கூத்தை அங்கே கொண்டு போய், சாயங்காலம் ஆறரைக்கு ஆரம்பித்துப் பத்து மணிக்குள் முடித்துவிடலாம். இடையில் ஒருநாள் நாகஸ்வரக் கச்சேரி, ஒருநாள் நாட்டுப்புறப் பாட்டு, ஒருநாள் நம் பள்ளிப் பிள்ளைகளின் நாடகம் என்று சேர்த்துக் கோடை விழாவாகவே நடத்தலாம் என்கிறார்கள்.

நான் இதை ஆதரிக்கிறேன். போன தடவை கீசகன் வதம் நடந்த ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து நின்று எண்ணிப் பார்த்தேன். விழித்திருந்தவர்கள் நாற்பது பேர்கூட இல்லை. அபிமன்யு சண்டை அன்றைக்கு ரோந்து வண்டி வந்து மைக்கை நிறுத்தச் சொல்லிவிட்டுப் போனது. அபிமன்யு மைக் இல்லாமல்தான் செத்தான். ஆடியவர் முகத்தை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன், இன்னும் மறக்க முடியவில்லை. அந்த அவமானம் அவருக்கு இனி வரக்கூடாது என்பதுதான் என் எண்ணம். ஞாயிற்றுக்கிழமை ஊர்க்கூட்டம் இருக்கிறது. அதற்குள் உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

பின்பாட்டு (வெள்ளி இரவு 9.40)

நான் ஒரு ஜமாவில், அதாவது கூத்துக் குழுவில், இருபத்திரண்டு வருடமாகப் பின்பாட்டு பாடுகிறேன். உங்கள் அக்கறை புரிகிறது அண்ணா. ஆனால் இந்த யோசனைக்கு என் பதில் வேண்டாம் என்பதுதான்.

முதலில் ஒன்று கேட்கிறேன். பத்து ராத்திரியில் ஐந்தாவது ராத்திரி அர்ச்சுனன் தபசு. கலையரங்கத்தில் தபசு மரத்தை எங்கே நடுவீர்கள்? அர்ச்சுனன் வேஷக்காரர் ஒவ்வொரு படிக்கும் ஒரு பாட்டாகப் பாடிக்கொண்டே உச்சிக்கு ஏறுகிறார். அங்கிருந்து எலுமிச்சம்பழமும் விபூதியும் போடுகிறார். பிள்ளை வரம் கேட்டு வந்த பெண்கள் கீழே மடி ஏந்தி நிற்கிறார்கள். இதற்குக் கூரை ஒத்து வராது. மரத்தைச் சுற்றி வெட்டவெளி வேண்டும்.

இரண்டாவது, மூன்றரை மணி நேரம். ஒரு வேஷம் எப்படி வருகிறது என்று பார்த்திருப்பீர்கள். இரண்டு பேர் திரை பிடிக்கிறார்கள். திரைக்குப் பின்னால் இருந்தே விருத்தம் பாடுகிறார். திரைக்கு மேலே கிரீடத்தின் நுனி மட்டும் தெரிகிறது. அப்புறம் கூத்தை நடத்திப் போகிற கோமாளியான கட்டியக்காரன் 'யார் நீங்கள்' என்று கேட்கிறான், ராஜா தன் வரலாற்றைச் சொல்கிறார், திரை விலகுகிறது, கிறிக்கி அடிக்கிறார், அதாவது சுழன்று ஆடுகிறார். துரியோதனன் மாதிரி மரத்தில் செய்த கிரீடமும் அணிகளும் கட்டுகிற பெரிய கட்டை வேஷம் என்றால் இதற்கு மட்டும் முக்கால் மணி நேரம் ஆகும். அது வீண் நேரம் கிடையாது. சாயங்காலம் வரை செங்கல் சூளையில் வேலை பார்த்த ஒரு ஆளை ஜனங்கள் துரியோதனனாக ஏற்றுக்கொள்வது அந்த முக்கால் மணி நேரத்தில்தான். நேரத்தைக் குறைக்கச் சொன்னால் எல்லோரும் முதலில் கை வைப்பது அதில்தான். சுருக்கச் சொன்ன ஊர்களில் நானே வெட்டிப் பாடியிருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

இன்னும் ஒன்று. மண்தரை. கட்டையும் புஜக்கீர்த்தியும் மார்புப்பதக்கமும் கட்டிக்கொண்டு, இரண்டு காலிலும் சலங்கையோடு சிமெண்டு மேடையில் குதித்துப் பாருங்கள். ஒரு வாரத்தில் முட்டி போய்விடும்.

கம்பெனி பஸ் (வெள்ளி இரவு 10.30)

நான் சிப்காட்டில் ஷூ கம்பெனியில் வேலை பார்க்கிறேன். காலை 5.20க்கு எங்கள் தெரு முனையில் கம்பெனி பஸ் வரும். அதை விட்டால் அன்றைய சம்பளம் போச்சு. எங்கள் தெருவில் மட்டும் என்னைப் போல பதினோரு பெண்கள் போகிறோம்.

பின்பாட்டு அண்ணன் சொல்கிற எதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் விடிய விடியக் கூத்து என்றால் அதில் எங்களுக்கு இடமே இல்லை. சின்ன வயதில் பாய் தலையணையோடு போய் முன்வரிசையில் படுத்திருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த பிறகு இரண்டு பாரதம் வந்து போய்விட்டது. இரண்டு தடவையும் பத்தரைக்கு எழுந்து வந்துவிட்டேன். பத்தரைக்கு முதல் வேஷம்தான் களரிக்கு, அதாவது கூத்து ஆடுகிற இடத்துக்கு, வந்திருக்கும்.

கர்ண மோட்சத்தில் கர்ணன் மனைவி பொன்னுருவி பாடுகிற பாட்டு என் அம்மாவுக்கு முழுக்கத் தெரியும். அடுப்படியில் பாடுவார். தேரோட்டி வளர்த்த பிள்ளை என்று கர்ணனை மதிக்காமலே இருந்தவள், அவன் போருக்குக் கிளம்புகிற நேரத்தில் அவன் யார் என்று தெரிந்து அழுகிற இடம். அது களரியில் ராத்திரி இரண்டு மணிக்குத்தான் வரும். நான் வளர்ந்த பிறகு அதை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. கலையரங்கத்தில் எட்டு மணிக்கு வைத்தால் பதினோரு பேரும் வருவோம்.

கழிப்பறை பற்றியும் சொல்ல வேண்டும். கோயில் திடலில் ராத்திரி முழுக்கப் பெண்கள் எங்கே போவது? இதை விழாக் குழுவில் யாரும் பேசியதே இல்லை, ஏனென்றால் குழுவில் ஒரு பெண்கூட இல்லை.

வந்தவாசி வாசகன் (சனி காலை 7.05)

அக்கா சொல்வதற்கு என் ஆதரவு. கூத்து மேடைக்குப் போனால் செத்துவிடும் என்பது உண்மை என்றால் எப்போதோ செத்திருக்க வேண்டும். நம் செய்யாறு பக்கத்துப் புரிசை ஊர்க் கூத்துக் கலைஞர் கண்ணப்ப தம்பிரான் சென்னையில் ஆடினார், வெளிநாட்டு மேடைகளிலும் அந்தக் கூத்து போனது. நாடக ஆசிரியர் ந. முத்துசாமி 1977ல் கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவைத் தொடங்கியதற்குப் புரிசைக் கூத்து ஒரு பெரிய காரணம். அந்தக் காலத்தில் படித்தவர்கள் பலர் கூத்தை ஒரு கலையாகவே கணக்கில் எடுக்காமல் இருந்தார்கள். அந்த எண்ணத்தை உடைத்ததில் அந்த மேடைகளுக்குப் பெரும் பங்கு உண்டு.

காஞ்சிபுரம் பக்கம் புஞ்சரசந்தாங்கல் கிராமத்தில் பெ. ராஜகோபால் நடத்திய கட்டைக்கூத்து குருகுலத்தையும் நினைத்துப் பாருங்கள். 2002ல் தொடங்கி 2020 வரை நடந்தது. பிள்ளைகள் அங்கேயே தங்கிப் பள்ளிப் பாடமும் கூத்தும் சேர்த்துப் படித்தார்கள். பெண் பிள்ளைகளும் வேஷம் கட்டினார்கள். காலம் காலமாக ஆண்களே ஸ்திரீ பார்ட் கட்டிய கலையில் அது சாதாரண மாற்றம் இல்லை. அதை ஏற்ற கூத்து, நேரம் மாறுவதையும் ஏற்கும்.

பின்பாட்டு (சனி காலை 8.50)

வாசகன் தம்பி, புரிசையார் மேல் எனக்கு இருக்கிற மரியாதை சொல்லில் அடங்காது. அவர் சென்னை மேடையில் ஆடினார், சரி. ஆனால் அதற்காக ஊர்க் களரியை விட்டு வந்தாரா? தை பிறந்து ஆடி வரைக்கும் கிராமத்துக் கிராமம் விடிய விடிய ஆடி வளர்ந்த உடம்பும் குரலும் இருந்ததால்தான் சென்னையில் ஒன்றரை மணி நேரத்தில் ஜனங்களைக் கட்டிப்போட முடிந்தது. களரியை நிறுத்திவிட்டு மேடையை மட்டும் வைத்தால் அடுத்த தலைமுறை எங்கே பழகும்? நான் பாட்டு கற்றுக்கொண்டது விடியற்காலை மூன்று மணிக்கு. ஜமாவை நடத்துகிற வாத்தியார் தொண்டை கட்டிக்கொண்டு 'நீ எடுடா' என்று கை காட்டிய நேரம் அது. பத்து மணிக்கு முடிகிற கூத்தில் யாருக்கும் தொண்டை கட்டாது, சின்னவனுக்கு வாய்ப்பும் வராது.

சம்பளத்தையும் பேச வேண்டும். எங்களுக்குக் கணக்கு ராத்திரிக்கு. வெற்றிலைப் பாக்கு வைத்து இத்தனை ராத்திரி, இவ்வளவு என்று பேசி முன்பணம் வாங்குவார் வாத்தியார். மூன்றரை மணி நேரத்துக்கு முழு ராத்திரிப் பணம் தருவீர்களா? தருவோம் என்பீர்கள். அடுத்த தடவை 'மூணு மணி நேரத்துக்கு இவ்வளவா' என்று யாராவது கேட்பார்கள். 2020லும் 2021லும் கொரோனாவால் இரண்டு கோடை முழுக்கப் போனது. அப்போது நான் சென்னையில் சித்தாள் வேலை பார்த்தேன். எங்கள் ஜமாவில் முகவீணை ஊதுகிறவர் கருவியை எடுத்து வைத்தவர் திரும்ப எடுக்கவே இல்லை. இப்போது ஆர்மோனியப் பெட்டியும் மிருதங்கமும் டோலக்கும் வைத்து ஒப்பேற்றுகிறோம். இப்போதுதான் மெல்ல எழுந்து நிற்கிறோம் தம்பி.

கம்பெனி பஸ் தங்கச்சி சொன்னதற்கு என்னிடம் இப்போது பதில் இல்லை. யோசிக்கிறேன்.

ஏரிக்கரையான் (சனி காலை 9.30)

அண்ணா, அதே பணம் என்று குழு எழுதித் தரத் தயார். அதை நான் பொறுப்பெடுத்துச் செய்கிறேன். தபசு மரம் பற்றி நான் யோசிக்கவில்லை, ஒத்துக்கொள்கிறேன். அந்த ஒரு ராத்திரியைக் கோயில் திடலில் வைத்துக்கொள்ளலாம். மற்றவற்றுக்கு என் கருத்து அப்படியே இருக்கிறது. மைக் விஷயத்துக்கு யாரிடமாவது வழி இருக்கிறதா?

தமிழாசிரியர் ஓய்வு (சனி பகல் 11.15)

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒலி மாசு கட்டுப்பாட்டு விதிகள் 2000ஆம் ஆண்டில் வந்தவை. இரவு பத்து முதல் காலை ஆறு வரை ஒலிபெருக்கி கூடாது. கோயில் விழா, கலை விழாக்களுக்கு வருடத்தில் 15 நாளுக்கு மிகாமல் நள்ளிரவு 12 வரை மாநில அரசு தளர்வு தரலாம். அதற்கு மேல் யாராலும் தர முடியாது. ஆகவே பன்னிரண்டுக்குப் பிறகு மைக்கோடு நடத்துவது எந்தக் குழுவாக இருந்தாலும் விதிமீறல்தான். ரோந்து வந்தவர்கள் மேல் கோபப்பட்டுப் பயன் இல்லை.

ஆனால் விதி தடுப்பது ஒலிபெருக்கியை. கூத்தைத் தடுக்கும் சொல் அதில் இல்லை. நான் சிறுவனாக இருந்தபோது பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் மைக்கே இல்லாமல் பாரதம் பார்த்திருக்கிறேன். முகவீணை சின்னக் கருவி, ஆனால் அதன் சத்தம் ஏரிக்கு அந்தப் பக்கம் வரை வரும். பின்பாட்டு பலமாக இருப்பதே கடைசி வரிசைக்குக் கேட்பதற்காகத்தான்.

படுகளத்தைப் பற்றி ஏரிக்கரையான் யோசித்தாரா என்று தெரியவில்லை. பதினெட்டாம் போர் ஏன் விடியும் வரை நடக்கிறது? திடலில் மண்ணால் துரியோதனனைப் படுக்க வைத்திருக்கிறோம், தலையிலிருந்து கால் வரை ஒரு வீட்டு நீளத்துக்கு. ராத்திரி களரியில் ஆரம்பித்த வீமனும் துரியோதனனும் வெளிச்சம் வந்த பிறகு அந்த மண் உருவத்தின் மேல் ஏறி நின்று சண்டை போடுகிறார்கள். தொடை பிளக்கிறது. அதன் பிறகுதான் திரௌபதி கூந்தல் முடிகிறாள். துகில் உரிந்த ராத்திரி அவிழ்த்த கூந்தல், ஆறு நாள் கழித்து அந்தக் காலையில் முடியப்படுகிறது. ராத்திரிக்கும் காலைக்கும் நடுவே இடைவெளி விட்டால் அந்தக் கூத்து அறுந்துவிடும். பத்து மணிக்குக் கலையரங்கத்தைப் பூட்டிவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு வந்து படுகளம் பார்த்தால், பார்ப்பது வேறு ஏதோ. நான் எண்பதைத் தொடப் போகிறேன். படுகளத்தின்போது ஊர்ப் பெண்கள் ஒப்பாரி வைத்து அழுவதை ஒவ்வொரு முறையும் பார்த்திருக்கிறேன். ராத்திரி முழுக்கக் கண் விழித்தவர்களின் அழுகை அது.

வந்தவாசி வாசகன் (சனி பகல் 12.40)

ஐயா, கடைசி ராத்திரியை நீங்கள் சொன்ன பிறகு நான் விட்டுவிடுகிறேன். அது திடலில்தான் நடக்க வேண்டும். ஆனால் ராஜசூய யாகமும் சுபத்திரை கல்யாணமும் விடியற்காலையை எதிர்பார்த்து நிற்பவை இல்லை. அவற்றைச் சாயங்காலம் வைப்பதில் என்ன குறை?

இன்னொன்றும் கேட்கத் தோன்றுகிறது. மண்ணில் நடப்பதுதான் கூத்து என்கிறோம். அந்த மண்ணில் யார் எங்கே உட்காரலாம் என்ற கணக்கு பல ஊர்களில் இன்னும் இருக்கிறது. அரங்கத்தில் நாற்காலி எல்லோருக்கும் ஒன்றுதான். இதை நான் சும்மா சொல்லவில்லை, என் அப்பா எந்தப் பக்கம் உட்கார்ந்து கூத்து பார்த்தார் என்று எனக்குத் தெரியும்.

மைக்செட் தம்பி (சனி மதியம் 2.10)

நான் இந்தப் பக்கத்துத் திருவிழாக்களுக்கு ரேடியோ செட் கட்டுகிறவன். ஐயா சொன்ன விதி சரி. என் அனுபவத்தில் தகராறு வருவதற்குக் காரணம் கூம்பு ஒலிபெருக்கி. மரத்துக்கு மரம் கூம்பு கட்டி மூன்று தெருவுக்குக் கேட்க வைப்பார்கள். களரிக்கு இரண்டு சின்ன பாக்ஸ் உள்பக்கம் திருப்பி வைத்தால் போதும். பன்னிரண்டுக்கு அதையும் நிறுத்திவிடலாம். அதன் பிறகு கூட்டம் எப்படியும் குறைந்திருக்கும், இருக்கிறவர்கள் நெருங்கி உட்கார்ந்தால் குரலே கேட்கும்.

கலையரங்கத்தில் நான் இரண்டு தடவை செட் கட்டியிருக்கிறேன். உள்ளே எதிரொலி அதிகம். தகரக் கூரை. மிருதங்கமும் டோலக்கும் சேர்ந்தால் பாட்டு வார்த்தை ஒன்றும் புரியாது. நாகஸ்வரத்தை அங்கே வைக்கவே வைக்காதீர்கள், அதைத் திடலில் வையுங்கள்.

பின்பாட்டு (சனி மாலை 6.25)

மதியம் வாத்தியாரிடம் போய் இதை எல்லாம் படித்துக் காட்டினேன். அவர் சொன்னதை எழுதுகிறேன்.

வாசகன் தம்பி உட்காருகிற இடத்தைப் பற்றி எழுதியதைக் கேட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், 'அது உண்மை. எங்களையும் சில ஊரில் திண்ணைக்கு ஏற்ற மாட்டார்கள், வேஷம் கட்டினால் மட்டும் சாமி என்பார்கள்' என்றார். தருமராஜா வேஷத்தோடு விடிகிற வரைக்கும் நின்ற ஊரில் காலையில் தண்ணீர் கேட்டபோது கொட்டாங்குச்சியில் ஊற்றிய கதை அவரிடம் இருக்கிறது. இந்தத் தடவை திடலில் இடம் பிரிக்கக் கயிறு கட்டக்கூடாது, யாரும் எங்கும் உட்காரலாம் என்று மைக்கில் முதல் ராத்திரியே கட்டியக்காரன் சொல்லட்டும், அதைக் குழு ஒத்துக்கொண்டால்தான் வெற்றிலைப் பாக்கு வாங்குவேன் என்கிறார்.

சாயங்காலக் கூத்து பற்றி: முதல் மூன்று ராத்திரி, அதாவது வில்வளைப்பு, சுபத்திரை கல்யாணம், ராஜசூய யாகம் மூன்றையும் ஏழு மணிக்கு ஆரம்பித்துப் பன்னிரண்டுக்கு முடிக்க அவர் சம்மதம். ஆனால் திடலில்தான். அரங்கத்துக்கு வர மாட்டார். துகிலில் இருந்து வழக்கம்போல விடிய விடிய.

எனக்கு இதில் முழுத் திருப்தி இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். இன்றைக்கு மூன்று என்றால் அடுத்த பாரதத்தில் ஏழு என்று கேட்பார்கள் என்ற பயம் இருக்கிறது. ஆனால் வாத்தியார் சொல்லிவிட்டார்.

ஏரிக்கரையான் (சனி இரவு 8.00)

பன்னிரண்டு என்பது என் கணக்குக்கு அதிகம்தான். மறுநாள் காலை நூறு நாள் வேலைக்குப் போகிறவர்களுக்கும் கஷ்டம். இருந்தாலும் கூட்டத்தில் இதையே வைக்கிறேன். கலையரங்கம் பள்ளிப் பிள்ளைகளின் நாடகத்துக்கு இருக்கட்டும், எதிரொலிக்கு ஏதாவது செய்ய முடியுமா என்று தம்பி வந்து பார்க்க வேண்டும். அரங்கத்தை வைத்து ஒரு கோடைப் பருவம் நம் ஊரிலும் நடக்க வேண்டும் என்ற ஆசையை நான் விடவில்லை. கயிறு வேண்டாம் என்பதை நானே முன்மொழிகிறேன். திடலுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக் கழிப்பறைச் சாவியைப் பத்து ராத்திரியும் திறந்து வைக்கத் தலைமை ஆசிரியையிடம் பேசிவிட்டேன், சரி என்றார். குழுவில் இரண்டு பெண்களைச் சேர்க்க வேண்டும் என்பதையும் எழுதிக்கொண்டேன். கம்பெனி பஸ் தங்கச்சி, நீங்கள் கூட்டத்துக்கு வர முடியுமா?

கம்பெனி பஸ் (சனி இரவு 9.50)

ஞாயிறு லீவுதான், வருகிறேன். அம்மாவையும் கூட்டி வருகிறேன்.

ஆனால் எனக்கு வேண்டியது முதல் மூன்று ராத்திரியில் இல்லை அண்ணா. கர்ண மோட்சம் எந்தக் கிழமை வருகிறது?

தமிழாசிரியர் ஓய்வு (சனி இரவு 10.05)

தீமிதி ஞாயிறு சாயங்காலம் என்று பேசியிருக்கிறார்கள். அப்படியானால் பதினெட்டாம் போர் சனி ராத்திரி, கர்ண மோட்சம் வெள்ளி ராத்திரி. உங்களுக்குச் சனிக்கிழமை வேலை உண்டா அம்மா? தீமிதியைத் திங்களுக்குத் தள்ள முடியாது. ஞாயிறு என்பதால்தான் வெளியூர்ப் பிள்ளைகள் வருகிறார்கள்.

பின்பாட்டு (சனி இரவு 10.20)

பொன்னுருவியை முன்னால் கொண்டுவர முடியுமா என்று வாத்தியாரிடம் கேட்டேன். கர்ணன் சபைக் காட்சியைச் சுருக்கினால் பன்னிரண்டரைக்குப் பொன்னுருவி வந்துவிடுவாள் என்கிறார். பாட்டிலும் இரண்டு சரணத்தைக் குறைத்தால் ஒன்றரைக்கு முடித்து, தங்கச்சி வீட்டுக்குப் போய் மூன்று மணி நேரமாவது தூங்கலாம்.

கம்பெனி பஸ் (சனி இரவு 10.45)

வேண்டாம் அண்ணா. பாட்டில் ஒரு வரியும் குறைக்காதீர்கள். அந்தச் சனிக்கிழமை நாங்கள் பதினோரு பேரும் சேர்ந்து லீவு கேட்கப் போகிறோம். சூப்பர்வைசரிடம் திங்களே எழுதிக் கொடுத்துவிடுகிறோம். பொன்னுருவி வழக்கமாக எத்தனை மணிக்கு வருவாளோ அப்போதே வரட்டும். முன்வரிசையில் எங்களுக்குப் பாய் விரிக்க இடம் மட்டும் பிடித்து வையுங்கள்.